ஈரப்பலாவும் அடிமைகளும்

கரிபியன் கடலின் கீழ்த்திசை விளிம்பில் மாலைபோற் கோத்துக் கிடக்கும் சிறு தீவுகளுள் சென்ற் வின்சென்றும் ஒன்று. எரிமலையின் முதுகிலே எழுந்த தீவு அது. அதன் தலைநகரான கிங்ஸ்ரவுணின் வடபுறத்தில், மலைச்சரிவிலே, ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில் ஒரு தாவரவியற் பூங்கா இருக்கின்றது. 1765 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்காவே மேலைக் கோளார்த்தத்தில் உள்ள தாவரவியற் பூங்காக்களுள் மிகப் பழையது என்பர். துறைமுகத்தில் உல்லாசக் கப்பலை விட்டு இறங்கும் பயணிகள் இங்கு வந்து, வானளாவிய பனை வகைகளையும் சாதிக்காய் மரங்களையும் பார்த்து, கூடுகளில் வளர்க்கப்படும் அத்தீவுக்கே உரிய பல்வண்ணக் கிளிகளை வியந்து, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுகின்றனர். திரும்புமுன் அவர்கள் தவறாது பார்க்கும் மரம் ஒன்றுண்டு. அது ஓர் ஈரப்பலா. கப்பற்றலைவன் வில்லியம் பிளை 1793 இல் தாகித்தித் தீவிலிருந்து கொண்டுவந்த ஈரப்பலாவின் வேரிலிருந்து கிளைத்த மூன்றாந் தலைமுறைக் கன்று அம்மரம் என்று சொல்லப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து வளவிலும் மட்டக்களப்பு வளவிலும் ஈரப்பலாவைக் கண்டு, அதன் காயைக் கறியாக உண்டு பழகிய நமக்கு இம்மரத்தில் விந்தை எதுவும் தோன்றாது. ஆயினும், ஒரு பேரரசு ஒரு மரத்துக்காக உலகத்தின் மறுபாதிக்கு இருமுறை கப்பல் அனுப்பியது ஏன் என்ற கேள்வி எழும்போதுதான் இந்த மரம் வரலாற்று மரமாகின்றது. பயண நூல்கள் இக்கேள்விக்கு வீரக்கதை ஒன்றை விடையாகத் தருகின்றன. புயலும், மாலுமிகளின் கலகமும், தளராத தலைவனும் அக்கதையில் உண்டு. சினிமாக்காரர்களும் அதைப் பலமுறை படமாக்கிவிட்டனர். கரும்புத் தோட்டங்களின் கணக்கேடுகளைப் புரட்டினால் கிடைக்கும் விடை வேறு.

பூங்கா பிறந்த காலத்தை முதலில் நோக்குவோம். 1763 இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி சென்ற் வின்சென்ற் பிரித்தானியரின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டாண்டுகளின் பின், அப்பகுதித் தீவுகளின் ஆளுநராயிருந்த தளபதி றொபேட் மெல்வில் கிங்ஸ்ரவுணில் நிலம் ஒதுக்கி இப்பூங்காவைத் தோற்றுவித்தான். இராணுவ வைத்தியரான ஜோர்ஜ் யங் என்பவர் இதன் முதல் பொறுப்பாளர். போர்வீரருக்கு வேண்டிய மூலிகைகளைப் பயிரிடுதலும், விற்றுப் பொருளீட்டக்கூடிய பயிர்களைப் பிற நாடுகளிலிருந்து கொணர்ந்து பழக்கப்படுத்துதலும் இதன் நோக்கங்களாயிருந்தன. அழகும் ஓய்வும் அன்று எவர் எண்ணத்திலும் இருக்கவில்லை. நீண்ட காலம் இது யுத்த அலுவலகத்தின் பொறுப்பிலேயே இருந்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

மெல்வில் தன் வைத்தியருக்குக் கூறிய அறிவுரை ஒன்று பதிவாகியுள்ளது. மருந்து வகைகளைப் பற்றி அந்நாட்டில் நெடுங்காலம் வைத்தியஞ் செய்தோரிடமும், ஏன், வயது முதிர்ந்த கரிப் மக்களிடமும் அடிமைகளிடமும்கூடக் கேட்டறிய வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்த ‘கூட’ என்ற சொல்லிலே ஒரு காலத்தின் மனோபாவம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. எந்த மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும், எந்த இலை புண்ணை ஆற்றும் என்ற அறிவைக் கரிப் கிழவனும் ஆபிரிக்க அடிமைப் பெண்ணும் வைத்திருந்தனர். அந்த அறிவு பூங்காவுக்குள் வந்து, இலத்தீன் பெயர் சூடி, இலண்டனிலுள்ள சங்கங்களுக்குக் கடிதமாய்ச் சென்றது. அறிவைத் தந்தவர்களின் பெயர்கள் கப்பலேறவில்லை.

பூங்காவின் வேலிக்கு வெளியே அந்நாளில் நடந்தது என்ன? சென்ற் வின்சென்றின் பழங்குடிகள் கலினாகோ எனப்படும் கரிப் மக்கள். பதினேழாம் நூற்றாண்டிலே உடைந்த அடிமைக் கப்பலிலிருந்து கரையேறியோரும், அயற்றீவுத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிவந்தோருமான ஆபிரிக்கர் அவர்களோடு கலந்தனர். அக்கலப்பிலே தோன்றிய மக்களை ஐரோப்பியர் ‘கறுப்புக் கரிப்’ என்று அழைத்தனர். இன்று அவர்கள் தம்மைக் கரிபூனா என்கின்றனர். தீவின் வளமான கிழக்குப் பாகம் அவர்களுடைய கையில் இருந்தது. கரும்புக்கு அதைவிடச் சிறந்த மண் தீவில் வேறில்லை. பிரித்தானிய அரசு நில அளவையாளரை அனுப்பிற்று. சேர் வில்லியம் யங் என்ற ஆணையாளரின் கீழ்க் காணிகள் விற்பனைக்கு வந்தன. (இவர் வேறு, பூங்கா வைத்தியர் வேறு.) தம் நிலத்தில் அளவுச் சங்கிலி இழுக்கப்படுவதைக் கரிபூனா மக்கள் எதிர்த்தனர். 1772 இல் படை அனுப்பப்பட்டது. ஆனால் மலையும் காடும் அவர்கள் பக்கம் நின்றமையால், 1773 இல் ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நிலப்பசி அதனால் தீரவில்லை. காலத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

இனி வேறொரு பசியைப் பற்றிக் கூறல் வேண்டும். சீனித் தீவுகளின் பொருளாதாரத்தில் ஒரு வினோதம் உண்டு. வளமான நிலம் யாவும் கரும்புக்கே உரியது. அந்நிலத்தில் உழைப்போருக்கு வேண்டிய உணவு கடல் கடந்து வந்தது. வட அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து உப்புமீனும் மாவும் தானியமும் வந்திறங்கின. எஞ்சியதை அடிமைகளே மலைச்சரிவிலுள்ள துண்டு நிலங்களிற் கிழங்கும் வாழையும் நட்டுத் தேடிக்கொள்ளல் வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஏக்கரில் உணவு விளைவித்தால் ஒரு ஏக்கர்ச் சீனி நட்டம் என்பது துரைமாரின் கணக்கு.

1775 இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தபோது இக்கணக்குப் பிழைத்தது. உணவுக் கப்பல்கள் நின்றன. 1780 ஒக்ரோபரில் வீசிய பெருஞ் சூறாவளி தீவுகளின் வாழைகளையும் கொட்டில்களையும் வாரிக்கொண்டு போயிற்று. போர் முடிந்த பின்னும், 1783 இல் அமெரிக்கக் கப்பல்கள் பிரித்தானியத் தீவுகளோடு வாணிபஞ் செய்யக்கூடாதென்று இலண்டன் கட்டளையிட்டது. புதிய குடியரசைத் தண்டிப்பது அதன் எண்ணம். தண்டனையை அனுபவித்தவர்கள் கரும்புக்காட்டு அடிமைகள். 1780 க்கும் 1787 க்கும் இடையில் ஜமெய்க்காவில் மாத்திரம் 15,000 அடிமைகள் பட்டினியாலும் அதன் விளைவான நோய்களாலும் மாண்டனர் என்று அத்தீவின் சட்டசபையே கணக்கிட்டது. சட்டசபையில் அமர்ந்திருந்தோர் தோட்டச் சொந்தக்காரர்கள். தம் சொத்துக் குறைந்ததை எண்ணும் வணிகரைப் போலவே அவர்கள் எண்ணியிருப்பர் என்று கொள்வதில் தவறில்லை.

இந்த நிலையில்தான் ஈரப்பலா அவர்கள் கண்ணுக்குக் கற்பகதருவாகத் தோன்றியது. 1769 இல் கப்பற்றலைவன் குக்குடன் தாகித்திக்குச் சென்ற ஜோசப் பாங்ஸ் என்ற செல்வந்த இயற்கையியலாளர் அம்மரத்தின் பெருமையை நேரிற் கண்டவர். ஒருமுறை நட்டால் பல்லாண்டு காய்க்கும். உழவு வேண்டாம், களை பிடுங்க வேண்டாம். காயைச் சுட்டால் ரொட்டி போலாகும். 1772 இலேயே வலன்ரைன் மொறிஸ் என்ற தோட்டச் சொந்தக்காரர், மேற்கிந்தியத் தீவுகளுக்கு இம்மரத்தைக் கொணர முடியாதா என்று பாங்ஸுக்கு எழுதியிருந்தார். அவரே பின்னர் சென்ற் வின்சென்றின் ஆளுநரானார் என்பதையும், 1779 இல் தீவைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தவரும் அவரே என்பதையும் சேர்த்துக் கூறுதல் பொருந்தும். (1783 இல் தீவு மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது.) கூலியில்லா உழைப்பாளிக்குச் செலவில்லா உணவு என்பதே அத்திட்டத்தின் சாரம்.

ஆனால் ஒரு தடை இருந்தது. தாகித்தி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த சிறந்த ஈரப்பலா வகைகளில் விதை கிடையாது. வேரிலிருந்து எழும் கன்றைப் பிரித்தெடுத்தே நடல் வேண்டும். கடிதவுறையில் இட்டு அனுப்பக்கூடிய பொருளன்று அது. உயிருள்ள கன்றுகளை மண்ணோடு, நன்னீர் ஊற்றி, உப்புக்காற்றுப் படாமல், பல மாதங்கள் கடலிற் கொண்டுவர வேண்டும். ஆகவே 1787 இல் ‘பவுண்ரி’ என்ற கப்பல் ஆயத்தமாயிற்று. தலைவனுக்குரிய பெரிய அறையை எடுத்து அதில் நூற்றுக்கணக்கான சாடிகள் அமரத்தக்க துளைப்பலகைகளைப் பொருத்தினர். சாடிகளிலிருந்து வடியும் நீர் வீணாகாதவாறு தரையில் ஈயத்தகடு விரித்து, அந்நீரை மீண்டும் எடுத்து ஊற்ற வழி செய்தனர். இந்தச் சிரத்தையை வாசிக்குந்தோறும் அக்காலத்து அடிமைக் கப்பல்களின் படம் நினைவுக்கு வராமற் போகாது. அங்கே மனிதரைப் பலகையோடு பலகையாக அடுக்கிய அளவுகளும் இதே நுட்பத்தோடு கணக்கிடப்பட்டிருந்தன. ஒரே கடல், ஒரே கொடி, ஒரே பத்தாண்டு.

தாகித்தியில் தலைவன் தைனாவுக்குப் பரிசுகள் வழங்கிய பிளை, அவற்றுக்கு ஈடாக ஜோர்ஜ் மன்னருக்கு ஈரப்பலாக் கன்றுகள் அனுப்பலாமே என்று கூறினான். தைனா மகிழ்ச்சியோடு இசைந்தான். தம் மரம் எந்த வயிறுகளுக்கு, யாருடைய இலாபத்துக்காகப் போகின்றது என்று தாகித்தியருக்கு எவரும் சொல்லியிருக்கப் போவதில்லை. 1789 ஏப்ரல் 28 இல், 1015 கன்றுகளோடு திரும்பிக்கொண்டிருந்த பவுண்ரியில் மாலுமிகள் கலகஞ் செய்து, பிளையையும் அவனுடைய சார்பினர் பதினெண்மரையும் 23 அடிப் படகொன்றில் இறக்கிவிட்டனர். கன்றுகளைக் கடலில் வீசினர். அப்படகில் 3600 கடல் மைலுக்கு மேற் சென்று பிளை திமோர்த் தீவை அடைந்தான். அவன் சிறந்த மாலுமி என்பதில் ஐயமில்லை. உலகமறிந்த இக்கதையை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது இரண்டாம் பயணம். அரசு மனந்தளரவில்லை. 1791 ஆகஸ்ற் மாதத் தொடக்கத்தில் ‘புறொவிடென்ஸ்’ என்ற கப்பலில், துணைக்கப்பல் ஒன்றோடு, பிளை மீண்டும் புறப்பட்டான். அதே ஆகஸ்ற் மாத இறுதியிலே பிரெஞ்சுச் சென் டொமிங் தீவின் அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ மூட்டி எழுந்தனர். அந்த எழுச்சியே 1804 இல் சுதந்திர ஹெய்ற்றியாக மலர்ந்தது. அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்பினால் அமைப்பு நிலைக்குமென்று எண்ணியோர் ஒரு புறம். அமைப்பையே எரிக்கத் துணிந்த அடிமைகள் மறுபுறம். இரண்டும் ஒரே மாதத்திற் தொடங்கின.

புறொவிடென்ஸ் 1792 ஜூலையில் 2126 ஈரப்பலாக் கன்றுகளோடு தாகித்தியை விட்டது. நன்னீர் குறைந்தது. கன்றுகளுக்கு முதலிடம், மாலுமிகளுக்குப் பிறகு. அக்கப்பலில் இளநிலை அதிகாரியாகச் சென்ற மத்தியூ பிளிண்டேர்ஸ் பிற்காலத்தில் ஒஸ்ரேலியாவின் கரையோரத்தைப் படமாக வரைந்து புகழ் பெற்றவர். தோட்டக்காரர் கன்றுகளுக்கு எடுத்துச் செல்லும் வாளியிலிருந்து படிகளிற் சிந்திய நீர்த்துளிகளைத் தாமும் தோழரும் நாவால் நக்கியதாக அவர் நினைவு கூர்ந்துள்ளார். வெள்ளைத் தோல் மாலுமியின் தாகமும் துரையின் கணக்கில் கன்றுக்குக் கீழேயே வைக்கப்பட்டது. சுரண்டலமைப்பு நிறத்தை மாத்திரம் பார்ப்பதன்று என்பதற்கு இது ஒரு சான்று. எனினும் மாலுமி நக்கிய துளிகளையும் அடிமை கண்ட சவுக்கையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

1793 ஜனவரி 23 இல் கப்பல் கிங்ஸ்ரவுணை அடைந்தது. 544 செடிகள் பூங்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. பூங்கா பதிலுக்குக் கியூப் பூங்காவுக்கென நூற்றுக்கணக்கான சாடிகளில் மேற்கிந்தியச் செடிகளைக் கப்பலேற்றியது. மீதி ஈரப்பலாக்கள் பெப்ரவரியில் ஜமெய்க்காவில் இறங்கின. அந்நாட்டுச் சட்டசபை பிளைக்கு 1000 கினி பரிசளித்தது. தாகித்தியர் இருவரும் அக்கப்பலில் வந்திருந்தனர். ஒருவன் தானே விரும்பி வந்தவன். மற்றவன் ஒளிந்து ஏறியவன். முன்னவன் இங்கிலாந்திலும் பின்னவன் ஜமெய்க்காவிலும் அதிக காலஞ் செல்லுமுன் இறந்துபட்டனர். கன்றுகள் பிழைத்தன.

இங்கு ஒரு சிறு செய்தியையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. ஜமெய்க்காவின் தேசிய உணவில் இடம்பெறும் அக்கி என்ற பழம் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்தது. பிளை அதன் மாதிரிகளைக் கியூவுக்குக் கொண்டு சென்றமையால், தாவரவியலாளர் அம்மரத்துக்குப் பிளையின் பெயரையே இலத்தீனாக்கிச் சூட்டினர். ஆபிரிக்காவிலே அதை வளர்த்துண்டவர்களுக்கு அதில் ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த ஈரப்பலாவை அடிமைகள் விரும்பினரோ எனில், இல்லை. தாம் நட்டு வளர்த்த வாழைக்காயையும் கிழங்கையுமே அவர்கள் விரும்பினர் என்று அக்காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. மரங்கள் காய்த்துக் குலுங்கின. காய்களிற் பெரும்பகுதி பன்றிகளுக்குப் போயிற்று. சுவைப் பழக்கம் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் வேறொன்றையும் நோக்குதல் வேண்டும். மலைச்சரிவிலே அடிமைக்கு விடப்பட்ட துண்டு நிலமே அவன் தன் விருப்பப்படி ஏதேனும் செய்யக்கூடிய ஒரே இடம். அங்கு விளைந்ததில் மிஞ்சியதை ஞாயிற்றுச் சந்தையில் விற்று ஒரு துணியோ ஒரு கோழியோ வாங்குவான். துரையின் மரத்தில் துரை கொடுக்கக் காய்க்கும் உணவு அந்த நிலத்தின் தேவையையே இல்லாமற் செய்யக்கூடியது. அவர்கள் ஈரப்பலாவைப் புறக்கணித்ததில் நாவின் தீர்ப்போடு இந்தத் தீர்ப்பும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஈரப்பலாக்கள் பூங்காவில் வேர் பிடித்து இரண்டாண்டு சென்றபோது, காத்திருந்த நிலப்பசி மீண்டும் எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் அலை கரிபியனை அடைந்திருந்த காலம் அது. 1795 மார்ச்சில் கரிபூனா மக்கள் தம் தலைவன் சற்றோயேயின் கீழ்ப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து கிளர்ந்தெழுந்து கிங்ஸ்ரவுணை நோக்கி வந்தனர். நகருக்கு மேலுள்ள டோசெற்ஷயர்க் குன்றிலே மார்ச் 14 இரவில் சற்றோயே வீழ்ந்தான். தலைவன் வீழ்ந்தும் போர் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. 1796 இல் தளபதி அபர்குறொம்பி பெரும்படையோடு வந்து பிரெஞ்சுப் படையைச் சரணடையச் செய்தான். பின்னர் கரிபூனா மக்களின் குடிசைகளும் ஓடங்களும் பயிர்களும் எரிக்கப்பட்டன. பயிரை எரிப்பது சண்டையைவிட விரைவாக வேலை செய்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பிடிபட்டுப் பலிசோ என்ற சிறு தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அது ஊற்றோ ஆறோ இல்லாத வறண்ட தீவு. சில மாதங்களில், தொற்று நோயால், ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கு மாண்டனர். எஞ்சிய 2248 பேரை 1797 மார்ச்சிற் கப்பல்களில் ஏற்றி, மத்திய அமெரிக்காவுக்கு எதிரேயுள்ள றொவற்றான் தீவிலே ஏப்ரலில் இறக்கிவிட்டனர். உயிரோடு இறங்கியோர் 2026 பேர்.

இவ்வெண்களைப் பூங்காவின் எண்களோடு அருகருகே வைத்துப் பாருங்கள். 1792-93 இல் 2126 கன்றுகளைப் பிழைக்க வைப்பதற்கு நன்னீர் அளந்து ஊற்றிய அதே அரசே, நான்காண்டுக்குள், நாலாயிரம் மனிதரை நீரற்ற தீவில் விட்டது. கன்று வளர்ந்தால் இலாபம். கரிபூனா வளர்ந்தால் நட்டம். அவர்கள் போனபின் கிழக்குப் பாகத்து மண்ணிற் கரும்பு எழுந்தது.

இக்காலம் முழுவதும், 1785 முதல் 1811 வரை, பூங்காவின் பொறுப்பாளராயிருந்தவர் அலெக்சாண்டர் அண்டர்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். அவரைக் குறைத்துப் பேசுதல் நியாயமாகாது. எரிமலையின் உச்சிக்கு ஏறியவர். 1791 இல் கயானாக் காடுகளிற் செடி தேடி அலைந்தவர். பூங்காவை உலகறியச் செய்தவர். பூங்காவின் வரலாற்றையும் தீவின் வரலாற்றையும் அவர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதி, அச்சேறாமற் கிடந்து, 1983 இலேயே நூலாக வெளிவந்தது. விஞ்ஞானி நேர்மையுள்ளவனாயிருக்கலாம், அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்பு எதற்காக அவனை வேண்டுகின்றது என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் குழப்புவதாலேயே, ‘தாவரவியல் தூய அறிவு’ என்ற ஒருசாராரின் பேச்சும், ‘யாவும் கொள்ளை’ என்ற மறுசாராரின் பேச்சும் எழுகின்றன. சென்ற் வின்சென்றின் தேசிய மலராக இன்று போற்றப்படும் சூபிறியேர் மரம் இதற்கு நல்ல உதாரணம். 1812 இன் எரிமலை வெடிப்புக்குப் பின் காட்டில் அது காணப்படவில்லை. பூங்காவிலேயே பேணப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வாளர் அது கயானா நாட்டு மரத்தின் இனமே என்று கருதுகின்றனர். அவ்வாறாயின், தேசிய மலரும் அண்டர்சனின் பயணப் பெட்டியில் வந்த குடியேறியாகவே இருக்கலாம். தூய மண்ணின் மைந்தர் பற்றி முழங்குவோர் கவனிக்க வேண்டிய மலர் இது.

அண்டர்சனின் பின் பூங்கா தளர்ந்தது. 1820 களில் இலண்டன் இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. செடிகள் பல திரினிடாட்டில் அமைந்த புதிய பூங்காவுக்குச் சென்றன. 1890 இலேயே இது புத்துயிர் பெற்றது. இடையில், 1834 இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து, ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரிலிருந்த அதன் வாலும் 1838 இல் அறுந்தது. பேரரசு முழுவதிலும் அடிமைச் சொந்தக்காரருக்கு 2 கோடி பவுண் நட்ட ஈடு ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. விடுதலை பெற்றோர் கரும்புக்காட்டை விட்டு விலகவே, துரைமார் வேறு கைகளைத் தேடினர். 1861 ஜூன் 1 இல் ‘திருவாங்கூர்’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஏறத்தாழ 260 ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இத்தீவில் இறக்கிற்று. அவர்களுட் தமிழரும் இருந்திருத்தல் வேண்டும். 1880 வரையில் வந்தோர் தொகை 2400 க்கு மேற்பட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டை நினையாதிருக்க முடியாது. பேராதனைப் பூங்கா 1821 இல் அமைந்தது. கியூவை நடுவாகக் கொண்ட அதே வலையின் இன்னொரு முடிச்சு அது. 1876 இல் பிரேசிலிலிருந்து கியூவுக்குக் கொண்டு செல்லப்பட்ட றப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1900 அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்களிற் பாலெடுக்கத் தென்னிந்தியாவிலிருந்து யார் வந்தனர், எப்படி வந்தனர் என்பதை இவ்வேட்டின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற் வின்சென்றில் மரம் உழைப்பாளியைத் தேடி வந்தது; இங்கு உழைப்பாளி மரத்தைத் தேடி வரவழைக்கப்பட்டான்.

ஈரப்பலாவின் கதைக்கு மற்றொரு பாதியும் உண்டு. விடுதலையின் பின், மலைச்சரிவுகளிற் சிறு காணிகளைத் தேடிக் குடியேறிய மக்கள் தம் வளவுகளில் ஈரப்பலாவைத் தாமே நட்டனர். துரை கொடுக்கும் உணவாயிருந்தபோது பன்றிக்குப் போட்ட காயை, சொந்த மரத்தில் காய்த்தபோது அடுப்பில் இட்டனர். இன்று அது அத்தீவின் தேசிய உணவு. 1979 இல் நாடு சுதந்திரம் பெற்றது. 2002 இல் சற்றோயே அதன் முதல் தேசிய வீரனாகப் பிரகடனஞ் செய்யப்பட்டான். அவன் வீழ்ந்த மார்ச் 14 பொது விடுமுறை நாள். மத்திய அமெரிக்காவில் வாழும் கரிபூனா வழித்தோன்றல்கள் அந்நாட்களில் தம் முன்னோர் துரத்தப்பட்ட தீவைப் பார்க்க வருகின்றனர். வந்தோரை வரவேற்கும் வீடுகளிலே முழு ஈரப்பலாக்காயைத் தோலோடு நெருப்பில் இட்டுக் கருகச் சுட்டு, கரியைச் சீவி, உள்ளிருக்கும் வெண்சதையைத் துண்டு துண்டாக வெட்டி, பொரித்த மீனோடு இலையில் வைக்கின்றனர்.